சீனம் கற்பித்த திண்ணைகள்

அக்கா மகள் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள். பி.காம். முடித்துவிட்டு, அவினாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசராக இருக்கிறவள். "மாமா, சீன பாஷை படிக்கலாம்னு இருக்கறனுங்க. தைவானுக்குத்தான். யூனிவர்சிட்டில சேரட்டுங்களா, இல்ல பிரைவேட் ஸ்கூல்ல சேரட்டுங்களா? எது நல்லதுங்க மாமா?"

"நாளைக்குச் சொல்றேன் அம்மிணி" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை வர மூன்று வாரம் ஆனது. சோம்பல் மட்டும் காரணமில்லை. அவள் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது. பல்கலைக்கழகம் என்றால் அசல். தனியார் பள்ளி என்றால் அதைப் பார்த்துப் பக்கத்தில் போட்ட கடை. டுட்டோரியலையும் காலேஜையும் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். அயலாருக்குச் சீனம் கற்பித்த வரலாறோ பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். கடைதான் முதலில் வந்தது. பல்கலைக்கழகம் பிற்பாடு வந்து அதைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டது.

என் சீனம் இரண்டிலும் தொடங்கவில்லை. திருப்பூரில் ஒரு நிட்டிங் ஷெட்டில் தொடங்கியது. 2009இல் நான் வேலை பார்த்த கம்பெனி தைவானிலிருந்து நாலு வட்டப்பின்னல் மெசின் இறக்கியது. மெசின்களோடு அவற்றைப் பூட்டிக்கொடுக்க ஒரு ஃபிட்டரும் வந்தார். "இங்கிலீஷ் தெரிஞ்ச பையன்" என்று என்னை அவரோடு சேர்த்துவிட்டார்கள். என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. ஓடுகிற துணியைத் தொட்டுக்காட்டி "பு" என்பார். நான் தப்பான ஸ்பேனரை நீட்டினால் தலையை ஆட்டி "பு" என்பார். துணிக்கும் "இல்லை"க்கும் ஒரே ஒலி, ஒரே தொனி என்று புரிய எனக்கு நாலு நாள் பிடித்தது. நூலுக்கு "ஷா". கொல்லுவதற்கும் அதே "ஷா" என்பதும், மணலுக்கும் அதேதான் என்பதும் பிறகு தெரிந்தது. பதினெட்டு நாளில் நாற்பது வார்த்தை. அவர் ஊர் திரும்பும்போது, நாலு மெசினும் எண்ணெய் சிந்தாமல் ஓடிக்கொண்டிருந்தன. என் தலையும் நிற்கவில்லை.

2012இல் தைவான் கல்வி அமைச்சின் சீன மொழி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். சென்னையில் அவர்களுடைய மையம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் திறந்தது. எனவே காகிதமெல்லாம் டெல்லிக்குப் போய் வந்தது. மாதம் 25,000 தைவான் டாலர். அன்றைய கணக்கில் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம். ஒரு நிபந்தனை: அமைச்சு ஒப்புக்கொண்ட, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த மொழி மையத்தில்தான் படிக்க வேண்டும். அதனால் "எது நல்லது" என்று யோசிக்கும் தொல்லை எனக்கு வாய்க்கவில்லை. யார் காசு கொடுக்கிறார்களோ அவர்களே முடிவும் செய்துவிட்டார்கள்.

தைப்பே மையத்தில் எங்கள் வகுப்பில் எட்டுப் பேர். வியட்நாமியர், இந்தோனேசியர், இரண்டு ஜப்பானியர், போலந்துக்காரர் ஒருவர். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். மாதத்தில் வராத மணிகள் பன்னிரண்டைத் தாண்டினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற அறிவிப்பைத்தான் நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாடம் ஒழுங்காகப் போனது. ஆனால் எட்டுப் பேர் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் ஒருத்தன் வாய் திறப்பது ஐந்து நிமிடம். மீதி நேரம் ஜப்பானியர் தப்பையும் வியட்நாமியர் தப்பையும் கேட்டு, அவற்றையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் மாதம், ரூஸ்வெல்ட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே நாலாவது மாடியில் இருந்த ஒரு தனியார் பள்ளியைப் பிடித்தேன். பள்ளி என்றால் மரத்தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. வாரத்தில் மூன்று மாலை, தனி வகுப்பு. எனக்கு வாய்த்த லாவ்ஷிக்கு, அதாவது ஆசிரியைக்கு, எழுபது வயது தாண்டியிருந்தது. பத்து வயதில், 1949இல், பெற்றோரோடு சீனப் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அறுபதுகளில் பாதிரிமார்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியவர். முதல் நாள் ஒரு டிஷ்யூ தாளை என் வாய்க்கு முன்னால் பிடித்து, 'பா' என்று சொல்லச் சொன்னார். தாள் ஆடவில்லை. அது "எட்டு". தாள் பறந்தால்தான் அது "பயம்". தமிழனுக்கு ஒரே ஒரு ப. இந்திக்காரனுக்குக் கையில் இருக்கும் மூச்சு நமக்கு இல்லை. அந்தத் தாளைப் பறக்கவிட எனக்கு ஒரு வாரம் ஆனது. ழகரம் இருப்பதால் நாக்கை வளைத்துச் சொல்லும் அவர்களுடைய ஒலி நமக்குச் சுலபமாக வரும். அதைக் கேட்டுப் பிரமாதம் என்றார். கையோடு, தைப்பேயில் யாரும் அப்படி நாக்கை வளைக்க மாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த மாடியறைக்கு ஒரு பரம்பரை உண்டு. அதைத் தேடிப் போனால் ஒரு மரண தண்டனையில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

1759இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜேம்ஸ் ஃப்ளிண்ட், கான்டன் துறைமுகத்து வசூல் கொடுமைகளைப் பற்றி வடக்கே போய்ச் சக்கரவர்த்திக்கு மனுக் கொடுத்தார். சீனம் கற்ற ஆங்கிலேயர் அன்றைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லை. அவர் அதில் ஒருவர். ஃப்ளிண்டை மூன்று வருடம் மக்காவோவில் சிறை வைத்தார்கள். மனு எழுத உதவிய சீனரின் தலையை வெட்டினார்கள். அதன் பிறகு அந்நியனுக்குச் சீனம் கற்பிப்பது உயிரோடு விளையாடுகிற வேலை ஆனது. 1807இல் கான்டனில் வந்து இறங்கிய ராபர்ட் மாரிசன் என்ற பாதிரியார் கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தார். அவருடைய ஆசிரியர்களில் ஒருவர், பிடிபட்டால் விழுங்குவதற்கு விஷம் வைத்திருந்தார் என்று சொல்வார்கள். சாத்திய கதவு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சீனத்தின் அன்றைய தனி வகுப்பு அப்படித்தான் இருந்திருக்கும். அந்த வகுப்பிலிருந்துதான் 1815 தொடங்கி 1823 வரை பாகம் பாகமாக வெளிவந்த மாரிசனின் சீன–ஆங்கில அகராதி பிறந்தது. மாணவர்களை வெளிப்படையாக உட்கார வைத்து ஒரு கல்லூரி நடத்த வேண்டும் என்றபோது, சீனாவில் முடியாமல் 1818இல் மலாக்காவில் கட்டினார்கள்.

அபினிப் போர்களுக்குப் பிறகு கதவு திறந்தது. பீக்கிங்கில் பிரிட்டிஷ் தூதரகம் இளைஞர்களைத் துபாஷி வேலைக்குப் பழக்கியது. அவர்களுக்காக தாமஸ் வேட் எழுதிய பாடநூல் 1867இல் வந்தது. பாதிரிமார் சங்கங்கள் அங்கங்கே பயிற்சி வீடுகள் வைத்தன. உள்நாட்டு மிஷன் ஒன்று ஆண்களை ஆன்சிங்குக்கும் பெண்களை யாங்ஜோவுக்கும் அனுப்பியது. மற்றபடி எல்லாரும் செய்தது ஒன்றே: மாதச் சம்பளத்துக்கு ஒரு பண்டிதரை வீட்டுக்கு வரவழைப்பது. பண்டிதர் செவ்விலக்கியத்தில் மலை. நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்து, மாணவன் கேட்டால் படித்துக் காட்டுவார். கேட்காவிட்டால் சும்மா இருப்பார். எங்கள் ஊர்த் திண்ணையில் கணக்குப்பிள்ளையிடம் உட்கார்ந்து வட்டிக்கணக்கு கற்றதைப் போல. கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத பெரிய படிப்பாளி எதிரில் உட்கார்ந்திருப்பதை விடக் கொடுமை மொழி மாணவனுக்கு வேறு கிடையாது.

இதை மாற்றியது 1910இல் பீக்கிங்கில் மிஷன்கள் ஒன்றுகூடித் தொடங்கிய வட சீன ஒன்றிய மொழிப் பள்ளி. 1916இலிருந்து அதை நடத்தியவர் வில்லியம் பெட்டஸ் என்ற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ.விலிருந்து வந்தவர். வகுப்புக்குள் ஆங்கிலம் கூடாது என்றார். காது முதலில், வாய் அடுத்து, எழுத்து கடைசியில். ஆசிரியர் பேனாவைத் தூக்கிக் காட்டிப் பேர் சொல்வார், கீழே வைப்பார், மறுபடி சொல்வார். கூட்டு வகுப்பில் கேட்டதைத் தனி ஆசிரியரிடம் போய்த் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். இன்று "தீவிரப் பயிற்சி" என்று விளம்பரம் செய்கிற பள்ளிகளின் சரக்கில் முக்கால்வாசி அந்த பீக்கிங் வளவில் அன்றைக்கே இருந்தது.

பாதிரிகளுக்காகத் திறந்தது; ஆனால் வியாபாரிகள், ராஜதந்திரிகள், ராணுவத்தார் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பிற்பாடு இரண்டாம் உலகப்போரில் சீனத் தலைவர் சியாங் கை ஷெக்குக்குச் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆகி அவரோடு ஓயாமல் மல்லுக்கட்டிய ஜோசப் ஸ்டில்வெல், 1920இல் அமெரிக்க ராணுவத்தின் மொழி அதிகாரியாக அங்கே படிக்க வந்தார். அதற்கு முந்தின வருடம் அவர் கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சீனம் படித்திருந்தார். பல்கலைக்கழகம் ஒரு வருடம், திண்ணை அடுத்து: இந்த வரிசையைக் கவனியுங்கள். 1932இல் ஜான் ஃபேர்பேங்க் வந்தார். பிறகு ஹார்வர்டில் சீன வரலாற்றுப் படிப்பையே நிலைநிறுத்திய மனிதர் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவர் என்ற பட்டயம் இருந்தும், பேச்சு கற்க அவர் போய் உட்கார்ந்தது பெட்டஸின் பள்ளியில்.

பெட்டஸுக்கு ஒரு குறை இருந்தது. அவர் கொடுக்கும் சான்றிதழை மிஷன் ஆபீஸ் மதிக்கும், கல்லூரி மதிக்காது. 1920களின் நடுவில் பள்ளியை யென்சிங் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார். சில வருடத்தில் அந்த உறவு பிரிந்தது. பிறகு கலிஃபோர்னியக் கல்லூரிகளோடு உறவு வைத்துக்கொண்டார். ஆசிரியர்களும் முறையும் மாறவில்லை. முகப்புப் பலகை மட்டும் மாறி மாறி வந்தது. தனியாகத் தொடங்கி, வளர்ந்ததும் ஒரு பல்கலைக்கழகத்தின் கையைத் தேடும் இந்த வழக்கத்தை இனி நிறையப் பார்ப்போம்.

கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1949க்குப் பிறகு மிஷன்கள் பெருநிலத்திலிருந்து வெளியேறின. பல தைவானுக்கு வந்தன. வந்த இடத்தில் ஒரு வேடிக்கை. தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட தீவு. பள்ளிக்கூடம் போனவர்கள் ஜப்பானிய மொழியில் படித்தார்கள். வீட்டில் ஹொக்கியனோ ஹக்காவோ பேசினார்கள். மாண்டரின் அவர்களுக்கும் அந்நியம். 1946இல் அரசு தேசிய மொழிப் பரப்புக் குழு ஒன்றை அமைத்து, தீவு முழுவதையும் வகுப்பறை ஆக்கியது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டம் கட்டினார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் போபோமோஃபோ உச்சரிப்புக் குறி போட்ட நாளிதழ் ஒன்று 1948 முதல் வந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு மாண்டரினை ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக்கொடுக்கும் ஆளும் புத்தகமும் உலகில் வேறெங்கும் அத்தனை அடர்த்தியாக இருந்ததில்லை. அயலார் வந்து கற்க தைப்பே தோதான ஊரானதற்கு இந்தக் கசப்பான காரணமும் உண்டு. என் லாவ்ஷி இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தணித்துக்கொள்வார். அவர் வகுப்புத் தோழிகளில் தண்டம் கட்டியவர்கள் இருந்தார்கள். வடக்கத்திப் பேச்சோடு வந்ததால் அவர் கட்டவில்லை.

இப்போது 1956. அந்த ஒரே ஆண்டில் தைப்பேயில் இரண்டு விதை விழுந்தது. ஆசிரியர் பயிற்சிக்கென்றே இருந்த பல்கலைக்கழகம் அயலாருக்காக மாண்டரின் பயிற்சி மையம் திறந்தது. இன்றைய தேசிய தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மையம் அதுதான்; ஹெப்பிங் கிழக்குச் சாலையில் இருக்கிறது. பக்கத்துச் சந்தில் ராத்திரிச் சந்தை. அதே ஆண்டில் மிஷனரிகளுக்காக ஒரு தனியார் பள்ளியும் எழுந்தது. பிற்பாடு அதற்குத் தைப்பே மொழி நிறுவனம் என்று பெயர். ஒன்று தேசிய மொழிக் கொள்கையின் பிள்ளை. மற்றொன்று பீக்கிங் திண்ணையின் பேரன். மையத்தில் கூட்டு வகுப்பு, பருவத் தேர்வு, மாணவர் அட்டை. பள்ளியில் தனி அறை, தனி ஆசிரியர், எந்தத் திங்கட்கிழமையும் சேரலாம். ஐம்பத்தாறு வருடம் கழித்து நான் பகலில் ஒரு வகையிலும் மாலையில் மற்றொரு வகையிலும் உட்கார்ந்திருந்தபோது, இந்த இரண்டு சாயலும் அப்படியே இருந்தன.

பாதிரிகள் எல்லாரும் மாண்டரின் கற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிராமத்தில் ஹொக்கியன் இல்லாமல் காரியம் ஆகாது. மேரிநோல் சபையார் தைச்சுங்கில் அதற்குத் தனியாகவே ஏற்பாடு வைத்திருந்தார்கள். அரசு ஒரு மொழியைப் பரப்பிக்கொண்டிருந்தபோது மற்றொரு மொழியை இலக்கணம் போட்டுக் கற்றவர்களில் அந்நியர்களும் இருந்தார்கள்.

அமெரிக்கர்கள் பெருநிலத்துக்குள் போக முடியாத அந்த இருபது, இருபத்தைந்து வருடமும் தைவானுக்கு அறுவடைக் காலம். அமெரிக்க வெளியுறவுத் துறை தைச்சுங்கில் தன் அதிகாரிகளுக்கென்று சொந்தமாக ஒரு பள்ளி வைத்திருந்தது. அங்கே படித்த சாஸ் ஃப்ரீமன்தான் 1972இல் நிக்சனோடு பெய்ஜிங் போன மொழிபெயர்ப்பாளர். முதல் நாள் விருந்தில் நிக்சனின் உரையை, கையில் பிரதி தராமல் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அதில் மாவோவின் கவிதை வரிகள் இருப்பது அவருக்குத் தெரியும். முடியாது என்று மறுத்துவிட்டார். நான் பார்க்கும் துபாஷித் தொழிலில் அவருக்கு ஒரு கோயில் கட்டலாம். சீனத் தரப்பு மொழிபெயர்ப்பாளர் அந்த வேலையைச் செய்தார். அவர் ஹார்வர்டில் படித்தவர்.

1963இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து தைப்பேயில் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கின. முன்னோடியாக இருந்தது ஸ்டான்ஃபோர்ட். அதனால் ஊரில் எல்லாரும் "ஸ்டான்ஃபோர்ட் மையம்" என்றே சொன்னார்கள். இருந்தது தேசிய தைவான் பல்கலைக்கழக வளாகத்தில். ஆனால் அது அந்தப் பல்கலைக்கழகத்தின் துறை அல்ல; வாடகைக்குக் குடிவந்த வீடு. வகுப்புக்கு மூன்று நான்கு பேர். தினம் ஒரு மணி தனி வகுப்பு. வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் கிடையாது. இதில் எது பல்கலைக்கழகம், எது தனியார்? பெயரெல்லாம் பல்கலைக்கழகம், நடைமுறை முழுக்க பெட்டஸ். இன்று அமெரிக்காவில் சீனாவைப் பற்றி எழுதும் முந்தின தலைமுறை அறிஞர்களில் அந்தப் படியேறாதவர்கள் குறைவு. ஹெப்பிங் சாலை மையத்துக்கும் பேர் சொல்லும் மாணவர் உண்டு: 1980களின் தொடக்கத்தில் அங்கே படித்த கெவின் ரட் என்ற இளைஞர் 2007இல் ஆஸ்திரேலியப் பிரதமரானார்.

அதே 1963இல் ஹாங்காங்கில் நியூ ஏஷியா கல்லூரியும், சீனாவில் பணியாற்ற யேல்காரர்கள் வைத்த அமைப்பும் சேர்ந்து ஒரு மொழி மையம் நிறுவின. 1974இல் அதை ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நம் வெளியுறவுப் பணியில் சீன மொழி ஒதுக்கப்பட்ட அதிகாரிகள் பலர் ஹாங்காங்கில்தான் படித்தார்கள். 1962 போருக்குப் பிறகு பெய்ஜிங் வகுப்பறை இந்தியர்களுக்கு நெடுநாள் எட்டாமல் போனதே காரணம். அதற்கு முன்பு நிலைமை வேறு. 1947இல் பீக்கிங் போய்ப் படித்த வி.வி. பராஞ்ஜ்பேதான் பிற்பாடு நேருவுக்கும் மாவோவுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

என் வாதத்துக்கு ஒத்துவராத ஊர் ஒன்று உண்டு. அதை மறைத்தால் அக்கா மகள் ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவாள். மக்கள் சீனத்தில் தொடக்கமே பல்கலைக்கழகம்தான். 1950இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கிழக்கு ஐரோப்பிய மாணவர்களுக்காக ஒரு தனி வகுப்பு திறந்தார்கள். முதல் அணி 33 பேர். அதில் ஒருவரான ருமேனியர் ரோமுலஸ் புடுரா பிற்பாடு பெய்ஜிங்கில் தன் நாட்டுத் தூதரானார். 1952இல் அந்த வகுப்பு பீக்கிங் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 1962இல் தனி நிறுவனமாகி, 1965இல் பெய்ஜிங் மொழிக் கல்லூரி என்று பெயர் பெற்றது. கலாச்சாரப் புரட்சியில் மூடி, எழுபதுகளின் தொடக்கத்தில் மறுபடி திறந்தது. இன்று அது மொழி, கலாச்சாரப் பல்கலைக்கழகம். அன்றைக்குத் தனியாருக்கே இடமில்லாத நாட்டில் திண்ணை எங்கிருந்து வரும்? ஆனால் தொண்ணூறுகளில் அமெரிக்கக் கல்லூரிகள் அங்கும் தங்கள் திண்ணையைக் கொண்டுபோய் மதிலுக்குள் போட்டன. 1993இல் பிரின்ஸ்டன்காரர்கள் பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தில் கோடைப் பயிற்சி தொடங்கினார்கள். வந்த முதல் நாளே, படிப்பு முடியும்வரை சீனம் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

1997இல் தைப்பேயின் அந்தக் கூட்டுத் திட்டம் பெய்ஜிங்குக்குக் குடிபெயர்ந்தது. போய் இறங்கிய இடம் சிங்ஹுவா. 1950இல் முதல் வகுப்பு நடந்த அதே வளாகம். தைப்பேயில் மிஞ்சிய ஆசிரியர்களையும் வகுப்பறைகளையும் தேசிய தைவான் பல்கலைக்கழகம் தானே எடுத்து, வேறு பெயரில் நடத்துகிறது. முப்பத்து நாலு வருடம் வாடகைக்கு இருந்தவர் காலி செய்ததும், வீட்டுக்காரர் அதே கடையைத் தொடர்ந்து நடத்துவது போல. ஊர் மாறிப் போவது அதோடும் நிற்கவில்லை. 2005 முதல் பெய்ஜிங்கில் நடந்துவந்த ஹார்வர்டின் கோடைப் பள்ளி 2021இல் மாற்றத்தை அறிவித்து, மறு ஆண்டு தைப்பேக்கு வந்துவிட்டது.

அப்படியானால் இந்த இரண்டு வகைக்கும் நடுவே உண்மையில் இருக்கும் வேறுபாடு என்ன? கற்பிக்கும் முறை பொதுச் சொத்தாகி எத்தனையோ காலம் ஆகிறது. மதிலுக்குள் இருக்கிற ஒன்று மட்டும் வெளியில் இல்லை: முத்திரை. சீனாவில் நீங்கள் நெடுநாள் படிக்கப் போனால் விசாவுக்கு ஒரு படிவம் வேண்டும். சொந்தக் காசில் படிப்பவருக்கு அதன் பெயர் ஜே.டபிள்யூ. 202. அதைத் தரும் உரிமை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கே. 180 நாளுக்கு மேல் என்றால் எக்ஸ் 1 விசா, கீழே என்றால் எக்ஸ் 2. தைவானில் மையம் தரும் வருகைச் சான்று இல்லாமல் விசா நீளாது. வாரத்துக்குப் பதினைந்து மணி வகுப்பில் இருந்தாக வேண்டும். அமைச்சின் பட்டியலில் பல்கலைக்கழக மையங்கள் நிறைய; தனியார் பள்ளிகள் குறைவு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தைவானிலிருந்து திரும்பி நாலு வருடம் கழித்து, பேரம் பேசும் சீனத்தைச் செப்பனிட எட்டு வாரத்துக்குச் சீனாவில் ஒரு தனியார் பள்ளியில் பணம் கட்டினேன். ஊர், பெயர் வேண்டாம். படிப்பு விசாவுக்குக் காகிதம் அனுப்புகிறோம் என்றார்கள். வந்தது வியாபார விசாவுக்கான அழைப்புக் கடிதம். "எல்லாரும் இப்படித்தான் வருகிறார்கள்" என்றார் தரகர். போயிருந்தால் பாடம் நன்றாகவே இருந்திருக்கும். ஒருவேளை பிடிபடாமலும் வந்திருப்பேன். ஆனால் மாதாமாதம் அந்த நாட்டுக்கு ஆர்டர் வேலையாகப் போகிறவன் பாஸ்போர்ட்டில் கறை பட்டால் பிழைப்பு போய்விடும். போகவில்லை. கட்டின பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

மறுபக்கமும் சொல்கிறேன். உதவித்தொகைக் காலம் முடிந்து நான் எழுதிய தேர்வில், படிக்கும் பகுதியில் கிடைத்த மதிப்பெண் பகல் வகுப்பு தந்தது. எழுத்துகளை வரிசைப்படி, கோடு கோடாக, நாள் தவறாமல் எழுத வைத்தது அந்த எட்டுப் பேர் வகுப்பும் வாராந்திரத் தேர்வும்தான். தனியாக விட்டிருந்தால் நான் பேச்சோடு நின்றிருப்பேன். ஆனால் திருப்பூருக்குத் திரும்பி, மெசின்காரரோடு போனில் முதல் தடவை பேசியபோது, "நீங்கள் தைப்பேயில் எந்தத் தெரு?" என்று கேட்டாரே, அந்த வாய் மாடியறையில் வந்தது. அங்கே ஐம்பது நிமிடமும் தப்பு செய்ய நான் ஒருத்தன்தான். ஒளிந்துகொள்ள முன்பெஞ்சு ஜப்பானியர் இல்லை.

மூன்றாவது வாரம் அவளைக் கூப்பிட்டேன். 1910இலிருந்து ஆரம்பித்தேன். "மாமா, சுருக்கமாச் சொல்லுங்க, நாளைக்கு ஷிப்மென்ட் இருக்குதுங்க" என்றாள். சுருக்கமாகச் சொன்னேன். உதவித்தொகையும் விசாவும் வேண்டுமென்றால் பல்கலைக்கழக மையத்துக்கே எழுது. தைப்பே வேண்டாம், வாடகை கடிக்கும், இங்கிலீஷ் பேசுகிறவர்களும் அதிகம். தைனானுக்குப் போ. போன முதல் மாதத்திலேயே, தனியாகச் சொல்லிக்கொடுக்கும் வயதான லாவ்ஷி ஒருவரைத் தேடிப்பிடி. வாரத்துக்கு இரண்டு மாலை போதும். சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்தாவது அவருக்குக் கொடு. மையம் தரும் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுப்பார்கள். அந்த அம்மாவிடம் படித்ததை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஸ்டில்வெல்லும் ஃபேர்பேங்கும் இரண்டையும்தான் செய்தார்கள் என்று சேர்த்துக்கொண்டேன். அவர்கள் எந்த பையர் என்று கேட்டாள்.

ஃபாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். மார்ச் 31 கடைசி நாள்.